காலிப் பெட்டியின் படம்

ஆய்வகத்தில், கேமரா பொருத்திய இருட்டுப் பெட்டிக்குள் எலியை வைக்கும் முன், காலிப் பெட்டியை ஒரு படம் எடுத்தாக வேண்டும். அது முழுக் கறுப்பாக வந்தால்தான் அடுத்த படங்களை நம்பலாம். இன்று அதில் ஐந்து புள்ளிகள் ஒளிர்ந்தன. ஒவ்வொன்றும் அரிசியளவு.

அவள் பெட்டியை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள். கேமராவைக் குளிரவைக்கும் இயந்திரத்தின் உறுமலும், ஈர மரத்தூளும் எலி மூத்திரமும் கலந்த வீச்சமும், திரையின் நீல வெளிச்சம் எட்டாத மூலைகளும் அந்த ஜன்னலில்லாத அறையில் என்றும் இருப்பவைதான்; இன்று அவை அவளுக்காகக் காத்திருப்பதுபோல இருந்தன. மறுபடி எடுத்தாள். அதே ஐந்து. பெட்டியின் கதவுப் பக்கம் நகர்ந்திருந்தன.

"சார், காலிப் பெட்டியில வெளிச்சம் தெரியுது."

மேற்பார்வையாளர் வெளியிலிருந்தே சிரித்தார். "எலிக்கு ஊட்டுற கிருமியை நீயே அப்பியிருப்ப. கிளவுஸைப் பல்லால கடிச்சுக் கழட்டுற ஆளாச்சே! பயப்படாதம்மா, குடலுக்கு நல்லதுதான். நமக்கும் செலவில்லாம இன்னொரு எலி."

நல்ல கிருமிதான். ஒளிரும்படி மாற்றியது. எலியின் குடலில் அது எங்கே போய்த் தங்குகிறது என்று பார்க்கத்தான் இந்தக் கேமரா. ஆனால் அவளுக்கு ஐந்தாவது மாதம். தெரிந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று பெரிய அளவுக் கோட்டுக்குள் மறைத்து வைத்திருந்தாள். முன்பு இரண்டு கலைந்துவிட்டன. இதாவது தங்க வேண்டும்.

கதவைத் தாழிட்டாள். விளக்கை அணைத்தாள். கேமராவைப் பக்கவாட்டில் திருப்பி, சட்டையை உயர்த்தி, பெட்டியின் திறப்பில் வயிற்றை அழுத்தி நின்றாள். விளிம்பு சில்லிட்டது.

திரையில் அவள் குடல் சுருள்சுருளாக ஒளிர்ந்தது. அதற்குக் கீழே ஒரு கறுப்பு வட்டம். கர்ப்பப்பை. சுத்தமான கறுப்பு. அழுகை வந்தது.

நம்பிக்கை மட்டும் வரவில்லை. இன்னொன்று எடுத்தாள்.

குடல் இருண்டிருந்தது. வெளிச்சம் முழுவதும் வட்டத்தின் விளிம்பில். மொய்த்தபடி.

"என்னம்மா, இப்பவாவது கறுப்பா வருதா?" கதவு தட்டப்பட்டது.

பதில் சொல்ல வாய் திறந்தாள். உள்ளே ஏதோ அசைந்தது. முதல் அசைவு.

அடுத்த படம் மெல்லத் தெளிந்தது. விளிம்பில் வெளிச்சம் இல்லை. வட்டத்துக்குள் ஐந்து புள்ளிகள். அரிசியளவு. விரல் நுனிகள், கர்ப்பப்பையின் சுவரை அழுத்தியபடி.

நகர நினைத்தாள். முடியவில்லை. பெட்டிக்குள்ளிருந்து ஏதோ சில்லென்று அவள் தோலைத் தொட்டது.

திரையில், தோலின் வெளிப்பக்கம், அந்த ஐந்துக்கும் நேர் எதிரே, இன்னும் ஐந்து.