கண்டவளும் சொன்னவளும்

தேர்வு மையத்தின் வாசலில் நின்றபடி இசக்கி பனங்கிழங்கை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தாள். நடுவிலிருந்த தும்பு நாரை உருவி எறிந்துவிட்டு ஒரு பாதியை என்னிடம் நீட்டினாள். அவள் அம்மா உப்பும் மஞ்சளும் போட்டு அவித்த கிழங்கு. எனக்கு வந்தது பெரிய பாதியா, சின்னப் பாதியா என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். நினைவில்லை.

“ஏட்டி பிலோமி, மெதுவாத் தின்னு. வாயில நார வச்சிக்கிட்டு உள்ள போயி உளறாத.”

“நீ மொதல்ல கையத் தொடச்சிக்க. நெத்திப்பட்டையெல்லாம் மஞ்சளாயிரும்.”

“ஆகட்டும். மங்களகரமா இருக்கட்டும்,” என்று என் தாவணியிலேயே கையைத் துடைத்தாள்.

அன்று திசைத் தேர்வு. பதினொன்றாம் வகுப்பில் எல்லோரும் எழுத வேண்டியது. எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு, பிறகு எந்த வேலை என்பதெல்லாம் அந்த ஒரு காலைப்பொழுதில் முடிவாகும். ‘எழுதுவது’ என்றுதான் இன்னும் சொல்கிறோம். உண்மையில் யாரும் எழுதுவதில்லை. இருவர் இருவராகப் போய் ஒரே மேசையில் உட்காருவோம். ஆளுக்கொரு நெற்றிப்பட்டையைக் கட்டுவோம். இரண்டு பட்டைகளும் கட்டப்பட்டால்தான் மேசையிலிருக்கும் இணைமானி என்ற கருவி விழிக்கும். திரையில் கேள்வி வரும். இருவரும் கிசுகிசுவென்று பேசி முடிவு செய்து, ஒருவர் விடையை உரக்கச் சொல்ல வேண்டும். கிசுகிசுப்பை இணைமானி வைத்துக்கொள்வதில்லை, அது எங்கள் சொந்த விஷயம். உரக்கச் சொன்னது மட்டும் பதிவாகும்.

மதிப்பெண் இருவருக்கும் சேர்த்து ஒன்றுதான். கல்லூரியில் இடமும் அப்படியே, இருவருக்கும் சேர்த்து. பின்னால் வேலையும்.

ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து அளந்த காலத்தைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். முதலிடம் பிடித்தவர்களின் படங்களைப் பள்ளிச் சுவரில் ஒட்டினார்களாம். தவறியவர்களில் சிலர் செத்தே போனார்களாம். உலகத்தில் எந்த வேலையையும் ஒருவர் தனியாகச் செய்வதில்லை, பிறகு ஏன் தனியாக அளக்க வேண்டும் என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். அதிலிருந்து வந்ததுதான் இந்த முறை. இன்றைக்கும் அது எனக்கு நல்ல கேள்வியாகவே படுகிறது. அதனால்தான் யாரைக் கோபித்துக்கொள்வது என்று தெரியவில்லை.

எங்கள் பள்ளியில் கூடுதலாக ஒரு பழக்கம் இருந்தது. எஸ்தர் டீச்சர் ஏற்படுத்தியது. “கண்டவ வாயத் தொறக்கக் கூடாது. பக்கத்துல இருக்கவளுக்குப் புரியவையி. அவதான் சொல்லணும்,” என்பார். விடை யாருக்கு முதலில் தெரிகிறதோ அவள்தான் கண்டவள்; அவள் மற்றவள் காதில் சொல்வாள். மற்றவள் உரக்கச் சொல்வாள். அப்போதுதான் இருவருக்கும் புரிந்திருக்கிறது என்று அர்த்தம். இசக்கியும் நானும் இரண்டு வருடமாக இதைப் பழகியிருந்தோம். சாப்பாட்டு நேரத்தில்கூட, அவளுக்குப் பசித்தால் ‘பசிக்கிறது’ என்று நான்தான் சொல்ல வேண்டும் என்பாள்.

தேர்வு நன்றாகவே போனது. வெளியே வந்ததும் எனக்கு மாதா கோயிலில் பாட்டுப் பயிற்சி. அவள் மட்டும் ஷேர் ஆட்டோவில் ஏறினாள். புறவழிச் சாலைத் திருப்பத்தில் உப்பு லாரி ஒன்று அந்த ஆட்டோவின் மேல் சாய்ந்தது. நான் பாடிக்கொண்டிருந்தபோது வந்து சொன்னார்கள்.

முடிவு வந்த நாளில் எங்கள் இருவர் பெயரும் ஒரே வரியில் இருந்தன. மண்டபம் என்ற ஊரில் இருக்கும் கடல்நீர்ப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. நாங்கள் இருவரும் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ஆசைப்பட்ட கல்லூரி. ஆனால் இணையாக வந்தால்தான் சேர்க்க முடியும் என்றார்கள். ஒருவர் இறந்துபோனால் என்ன செய்வது என்பதற்கும் விதி இருந்தது. அதற்குப் பெயர் பிரிப்பு. பதிவைக் கேட்டு, எந்த விடை யாருடையது என்று பிரிப்பார்கள். எஞ்சியிருப்பவரின் பங்கு போதுமானதாக இருந்தால் தனியாகவே இடம் தருவார்கள். இறந்தவரின் பெயரை நீக்கிவிடுவார்கள்.

வட்டார அலுவலகத்தில் ஜெபசிங் சார் என்பவர் பிரிப்பை நடத்தினார். இரு வீட்டாரும் இருக்க வேண்டும் என்பதால் இசக்கியின் அம்மா முத்துக்கனி அத்தையும் வந்திருந்தார். எனக்கு அந்த இடம் வேண்டும். அதை மறைக்க ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் அதற்குள் பெட்டிகூட எடுத்து வைத்துவிட்டார்கள்.

பதிவு ஓடியது. என் குரல், மறுபடியும் என் குரல், பிறகு அவள் குரல். அவள் குரல் வரும்போதெல்லாம் அத்தை நாற்காலி விளிம்புக்கு நகர்ந்தார். ஒரு கேள்விக்கு இசக்கி சொன்னாள்: “உப்புத் தண்ணிதான் சார் கூடுதல் சூட்டுல கொதிக்கும்.” இயந்திரத்தைச் சார் என்று அழைத்திருக்கிறாள்.

அத்தை சிரித்துவிட்டார். “அடுப்படிப் பக்கம் எட்டிப் பாக்காத கழுத. இத எப்பம்ளா பாத்தா?”

பதிவு முடிந்ததும் ஜெபசிங் சார் கண்ணாடியைக் கழற்றினார். “முக்கால்வாசி உன் குரல்தாம்மா. இடம் உனக்கே வந்துரும். கவலப்படாத.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் குரலை வைத்துப் பிரிக்கிறார். எஸ்தர் டீச்சரின் பழக்கம் அவருக்குத் தெரியாது.

“சார், அது நான் கண்டது இல்ல.”

“எது?”

“நான் சொன்னதெல்லாம். எங்க ஸ்கூல்ல கண்டவ சொல்ல மாட்டா, மத்தவதான் சொல்லுவா. நான் சொன்னா, அவ கண்டதுன்னு அர்த்தம்.”

அவர் என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்படின்னா மாத்திப் போட்டுருவமா? மாத்துனா இடம் அந்தப் பிள்ளைக்கு…” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். அத்தையைப் பார்த்துவிட்டு மேசையிலிருந்த தண்ணீரைக் குடித்தார். “சரி. எல்லாமே அப்படித்தானா?”

“இல்ல சார். கடைசிப் பக்கம் நேரமில்லாம, கண்டவளே சொல்லிட்டோம்.”

“எதுல இருந்து?”

“தெரியல.”

“நல்லா யோசிம்மா.”

“சிலது ரெண்டு பேரும் ஒண்ணாக் கண்டோம். அப்போ யாரு வாய் சும்மா இருந்துச்சோ அவ சொன்னா.”

“நெத்திப்பட்டை என்னத்துக்கு இருக்கு? அதுலயாவது தெரியணும்லா?” என்று அவர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு அவரே பதிலும் சொன்னார்: “அது ரெண்டையும் ஒண்ணாத்தான் வாசிக்கும். அப்படித்தான் செஞ்சிருக்கு.”

முத்துக்கனி அத்தை என் பக்கம் திரும்பினார்.

“ஏளா, அப்போ அந்த உப்புத் தண்ணி? அது அவ சொன்னதுலா. நீ சொல்லுத கணக்குக்கு அது நீ கண்டதா?”

பழக்கத்தின்படி பார்த்தால் என்னுடையதுதான். ஆமாம் என்று சொல்லியிருந்தால் என் பங்கில் ஒன்று கூடியிருக்கும். இல்லை என்றால் அவருக்கு ஒன்று மிஞ்சியிருக்கும். ஆனால் அந்தக் கேள்வியை நினைத்தால் என் காதருகில் மஞ்சள் வாசனையோடு ஒரு மூச்சுதான் வருகிறது. அவள்தான் என் காதில் சொன்னாளா? அப்படியென்றால் நானல்லவா உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்? அல்லது அது வேறொரு கேள்வியின் மூச்சா? கிழங்கு இருவருமே தின்றிருந்தோம். அது என் மூச்சாகக்கூட இருக்கலாம்.

“தெரியல அத்த.”

“ஒண்ணே ஒண்ணு, மக்ளே. அவளா கண்டது ஒண்ணு சொல்லிரு. வேற ஒண்ணும் வேண்டாம்.”

நான் எதையாவது சொல்லியிருக்கலாம். யாரும் சரிபார்த்திருக்க முடியாது. அன்றைக்கு ஏன் வாய் வரவில்லை என்பதும் எனக்கு இன்றுவரை புரியவில்லை. பக்கத்தில் யாராவது காதில் சொன்னால்தான் பேசுவது என்று பழகிவிட்டதோ என்னவோ.

ஜெபசிங் சார் ‘பிரிக்க இயலாதது’ என்று பதிந்தார். மண்டபத்து இடம் வேறொரு இணைக்குப் போயிற்று. எங்கள் மதிப்பெண் மட்டும் அப்படியே இருக்கிறது, இருவர் பெயரிலும், எதற்கும் பயன்படாமல். பெயரை நீக்கவில்லை என்பதற்காக அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நல்லது செய்தேனா, கெட்டது செய்தேனா என்று கேட்க அங்கே ஆளில்லை.

அடுத்த ஆண்டு டயானா என்ற பெண்ணோடு மறுபடி எழுதினேன். இப்போது இருவரும் துறைமுகத்தில் காற்று கணிக்கிறோம். டயானா நல்லவள். “தெரிஞ்சா சொல்லித் தொலைய வேண்டியதுதானக்கா? என் காதுல ஏன் ஊதுத?” என்று மட்டும் சலித்துக்கொள்வாள்.

தை மாதம் அத்தை வீட்டுக்குப் போவேன். பெரிய பானையில் கிழங்கை அடுக்கித் தண்ணீர் ஊற்றி, மஞ்சளும் கை நிறைய உப்பும் போடுவார். தண்ணீர் கொதிக்கும்வரை இருவரும் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

“நெசமாச் சொல்லு,” என்பார். “யாரு கண்டது?”

“தெரியல அத்த.”

உப்புத் தண்ணீர் இப்போதும் கொஞ்சம் கூடுதல் சூட்டில்தான் கொதிக்கிறது.