காரில் கிடந்த ஸ்பூன்

மாண்புமிகு தெங்கோராங் வந்துவிட்டார் என்பது, அவர் உள்ளே நுழைவதற்குக் கால்மணி நேரம் முன்பே தெரிந்துவிட்டது. கொனாடு வீட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு கார் வந்து நின்று, எஞ்சினை அணைக்காமல் உறுமிக்கொண்டே இருந்தது.

"உள்ள வராம என்ன பண்றார் அவர்?" என்று கேட்டார் அஃபியா கொனாடு, சுட்ட வாழைக்காயைப் பிட்டு நிலக்கடலையோடு வாயில் போட்டபடி.

"பெரிய மனுஷர், மேடம். போன்ல மந்திரி யாராவது இருப்பாங்க," என்றார் டீச்சர் பொவாடு பயபக்தியோடு.

மோதி நசுங்கிய கார்களைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு அறிக்கை எழுதுவது கொனாடுவின் தொழில். ஓட்டியவன் எந்த இடத்தில் பொய் சொல்கிறான் என்பதைக் காரே அந்த அம்மாளிடம் சொல்லிவிடும் என்று கானா நாட்டின் குமாசி நகரத்தில் ஒரு பேச்சு உண்டு. பொவாடு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கொனாடுவின் உதவியாளராக அவரை யாரும் நியமிக்கவில்லை. நீக்கவும் யாருக்கும் மனம் வரவில்லை.

தெங்கோராங் ஒருவழியாக உள்ளே வந்தார். கடைசி இரண்டு தேர்தல்களில் அவர் பறிகொடுத்தது பதவியை மட்டும்தான். 'மாண்புமிகு'வை அவர் விடவில்லை. டிரைவர் வைக்கக் கட்டுப்படியாகாததால் தன் காரைத் தானே ஓட்டினார். அதற்கு எளிமை என்று பெயர் வைத்திருந்தார்.

"ஏமாத்திட்டா, மேடம். சாப்பாட்டுக் கடை அபேனா இருக்காளே, அவ புருஷன் செத்தப்புறம் அவர் காரை வாங்கினேன். மீட்டர்ல முப்பதாயிரம் கிலோமீட்டர்கூட இல்ல. புதுப் பொண்ணு மாதிரி இருந்துச்சு. மாம்போங் மலைமேல ஒரு சாவுக்குப் போறேன், பாதி மேட்டுல முக்குது, முனகுது. மினிபஸ் ஒண்ணு என்னைத் தாண்டிப் போகுது. அந்தக் கண்டக்டர் பய தலைய நீட்டி ஒண்ணு கேட்டான்."

"என்ன கேட்டான்?"

"அது இந்த விஷயத்துக்குத் தேவையில்ல."

கொனாடு கடலையை மென்றுகொண்டு காத்திருந்தார்.

"பின்சீட்டுல ஒரு இடம் இருக்கு, ஏறிக்கிறீங்களா பெரியவரேன்னு கேட்டான்," என்றார் தெங்கோராங், சுவரைப் பார்த்து. "வர்ற செவ்வாய்க்கிழமை நாட்டாண்மை முன்னாடி அவளை நிறுத்தப்போறேன். மோசக்காரின்னு அங்க ஒருதடவை பேர் விழட்டும். அப்புறம் அவ கையால சோறு வாங்கித் திங்க இந்த ஊர்ல யார் போறான்னு பாத்துடறேன்."

கொனாடு காரைப் பார்க்கப் போனார். பொவாடு பூதக்கண்ணாடியோடு பின்னால் ஓடினார்.

பிரேக் மிதியின் ரப்பரில் வரிகள் தேயாமல் இருந்தன. டயர்கள் காரோடு வந்தவை, பள்ளம் குறையாதவை. ஓட்டுநர் இருக்கையோ பழைய தலையணைபோல் அமுங்கிக் கிடந்தது. தலை சாயும் இடத்தில் எண்ணெய்க் கறை. ஏசி குமிழில் எழுத்துகள் அழிந்து வழவழவென்றிருந்தது. டாஷ்போர்டு ஒரு பக்கம் மட்டும் வெயிலில் வெடித்திருந்தது. ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றியபோது அடுப்புக்கரிபோல் கறுப்பாக வந்தது. காற்று போகும் குழாய்க்குள் விரலை விட்டால் கையெல்லாம் கரி. கடைசியாக, கதவுப் பையிலிருந்து ஒரு ஸ்பூன் கிடைத்தது. காம்பில் பூ செதுக்கிய, வீட்டு ஸ்பூன்.

"மீட்டரைத் திருப்பியிருக்காங்க, மேடம்," என்றார் பொவாடு. "சந்தேகமே இல்ல."

"மிதிய யார் திருப்பினது, டீச்சர்?"

பொவாடு பூதக்கண்ணாடியை மடித்துப் பைக்குள் வைத்தார்.

அபேனாவின் கடைக்கு அவர்கள் இருவரும் முதலில் போய்ச் சேர்ந்தார்கள். மதியக் கூட்டம் கலைந்திருந்தது. மாண்புமிகு பின்னாலேயே வந்தார். ஆனால் வழக்கம்போல் சந்துமுனையில் நிறுத்திக்கொண்டார். எங்கேயும் கடைசியாக வருவதே அவர் கௌரவம்.

"எங்க வீட்டுக்காரர் எங்கயும் சுத்தினவர் இல்ல, மேடம்," என்றாள் அபேனா, கையைத் துடைத்துக்கொண்டே. "கார் வாங்கினதுலேர்ந்து ஆறு வருஷம். காலையில கோட்டும் டையுமா ஆபீஸ் போவார், சாயங்காலம் வருவார். ஞாயித்துக்கிழமை சர்ச். அவ்வளவுதான்."

"ஆபீஸ் மரக்கம்பெனிலதானே?" பொவாடு துள்ளினார். "அது ஊருக்கு அந்தக் கோடி. ஆறு வருஷம் போய்வந்தா மீட்டர் இதைப்போல ரெண்டு மடங்கு காட்டணுமே, அம்மா. ஒண்ணு மீட்டர் பொய், இல்ல நீங்க பொய்."

அபேனாவின் பார்வை கொனாடுவின் கையில் இருந்த ஸ்பூன்மேல் நின்றுவிட்டது.

"மீட்டர் பொய் இல்ல," என்றார் கொனாடு மெதுவாக. "சந்துல ஒரு சத்தம் கேக்குதா, டீச்சர்?"

"மாண்புமிகு கார்தான். ஏசி போட்டுட்டு உக்காந்திருக்கார்."

"எஞ்சின் ஓடுது. மீட்டர் நகருதா?"

பொவாடு சந்துப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"இந்தக் கார் ஓடினதைவிட நின்னது அதிகம். மிதி தேயல, சீட்டு தேஞ்சிருக்கு. வெயில் ஒரே பக்கம் பட்டிருக்கு, அப்படின்னா தினமும் ஒரே இடம், ஒரே திசை. நின்ன இடத்துலயே எஞ்சின் ஓடி ஓடி உள்ள கரி அடைஞ்சுபோச்சு. மேடு வந்தா மூச்சு வாங்காம என்ன செய்யும்? மோசடி ஒண்ணும் இல்ல." கொனாடு குரலைத் தாழ்த்தினார். "இதைச் சொன்னா உங்க பேர் தப்பிச்சிடும், அபேனா. ஆனா ஏன் நின்னதுன்னு அந்த ஆள் கேப்பார். நான் என்ன சொல்லட்டும்?"

அபேனா ஒரு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.

"ரெண்டாவது வருஷமே வேலை போயிடுச்சு. என்கிட்டச் சொல்லல. மைதானத்துப் பின்னால, வேப்பமரத்தடியில நிறுத்திக் கண்ணாடிய ஏத்திவிட்டு உக்காந்திருப்பார். வேலை போனப்ப வந்த காசெல்லாம் பெட்ரோலாப் போச்சு."

"அந்தக் கறுப்புக் கண்ணாடிக் காரா?" என்றார் பொவாடு. "தினமும் அந்த வழியாத்தான் நடக்கப் போவேன். உள்ள யாரோ பெரிய ஆள் போன்ல இருக்காருன்னு, தொப்பியத் தூக்கி வணக்கம் வெச்சுட்டுப் போவேனே. ஒருதடவை தட்டிப் பாத்திருக்கலாம்."

சந்தில் உறுமல் நின்றது. மாண்புமிகு வரவேற்பு வேட்டுச் சத்தத்தை எதிர்பார்ப்பவர்போல் வாசலில் ஒரு நொடி நின்று, பிறகு உள்ளே வந்தார்.

"என்ன, ஒத்துக்கிட்டாளா?"

கொனாடு வாயைத் திறக்குமுன் அபேனா எழுந்தாள். புருஷன் வேலை போனதையும், கோட்டையும், வேப்பமரத்தையும் அவளே சொன்னாள். தெங்கோராங் இடையிடையே 'ஹும்' என்றார். ஏசி போட்டுக்கொண்டு, போக இடமில்லாமல், உள்ளே உட்கார்ந்திருந்த மனிதரைப் பற்றிச் சொல்லும்போது அந்த ஹும்மும் நின்றுபோனது.

"செவ்வாய்க்கிழமை ஒண்ணும் வேண்டாம்," என்றார் கடைசியில். "கரியச் சுத்தம் பண்ணிக்கறேன்."

"சுத்தம் பண்ணினா மலை ஏறும்," என்றார் கொனாடு. "அப்புறம் சந்துமுனையில நிறுத்தி வெச்சா, திரும்பவும் அடைக்கும்."

மாண்புமிகு தலையசைத்துவிட்டுப் போனார். இந்தத் தடவை எஞ்சின் உறுமிய உடனே கார் நகர்ந்தது.

கொனாடு ஸ்பூனை மேசைமேல் வைத்தார். "அவருக்கு வேலை போனது உங்களுக்கு ஆரம்பத்துலேர்ந்தே தெரியும்னு இதை வெச்சுத்தான் நெனச்சேன். ஆபீஸ்ல கை கழுவக் குழாய் இருக்கும். ஸ்பூன் எதுக்கு?"

"கையால பிசைஞ்சு திங்கற களிதான் அவருக்குப் பிடிக்கும். மரத்தடியில தண்ணி ஏது? அதான் தினமும் சோறா ஆக்கி, ஸ்பூன் வெச்சுக் கட்டிக் குடுத்தேன். அவரும் ஏன்னு கேக்கல." அபேனா ஸ்பூனை எடுத்து உடுத்தியிருந்த துணியின் நுனியால் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. "கௌரவத்தைக் காப்பாத்தறேன்னு நெனச்சேன், மேடம். ஒருநாளாவது, இன்னிக்கு ஆபீஸ் போகாதீங்க, வீட்டுல உக்காந்து கையால சாப்பிடுங்கன்னு சொல்லியிருக்கலாம்."