எட்டு நாளாக நின்ற புள்ளி

மதியம் மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு வந்திருந்தது. ஆடிச் சாரல் நிற்பதாக இல்லை. இலத்தூர் தாண்டி, மூடிக்கிடக்கும் ரைஸ் மில்லின் முன்னால் லிங்கேஸ்வரன் பைக்கை நிறுத்திச் செல்போனைப் பார்த்தான். வரைபடத்தில் சிவப்புப் புள்ளி மில்லுக்குள்ளேதான் நின்றது. எட்டு நாளாக அது அசையவில்லை. எடுத்தோமா போனோமா என்று பத்து நிமிடத்தில் முடிகிற வேலை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அவனுக்கு ஒரு வாட்டர் சர்வீஸில் வேலை. வண்டியை மேலே தூக்கி அடிப்பக்கம் தண்ணீர் பீய்ச்சும்போது, தீப்பெட்டி அளவுள்ள ஜிபிஎஸ் கருவி ஒன்றை வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் ஒட்டிவிடுவான். காந்தம் கப்பென்று பிடித்துக்கொள்ளும். பிறகு வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்தபடியே எந்த வண்டி எங்கே தனியாக நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். ஓட்டிக்கொண்டு போவது கூட்டாளி நல்லகண்ணுவின் பாடு. ஜெனரேட்டர், கம்ப்ரஸர் ஏற்றிய வண்டிகள் என்றால் இருவருக்கும் கொண்டாட்டம். இவ்வளவு மூளைக்காரன், கருவிக்கான சிம்மை மட்டும் மனைவி வேல்விழியின் ஆதாரைக் கொடுத்து வாங்கித் தொலைத்திருந்தான். அவளுக்கு இது ஏழாம் மாதம். இந்த விஷயம் எதுவும் தெரியாது. வண்டி போலீஸ் கையில் சிக்கினால் முதலில் அவளைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். அதற்குள் கருவியைக் கழற்றியாக வேண்டும்.

வழக்கமாகத் திருடிய அன்றைக்கே கழற்றிவிடுவார்கள். இந்தத் தடவை அதற்கெல்லாம் நிதானம் இல்லாமல் போனது.

ஐந்தருவிப் பக்கம் ஒரு பார்க்கிங் மைதானத்தில் பட்டப்பகலில் எடுத்த மினி லாரி அது. டிரைவர் குளிக்கப் போயிருப்பான் என்று நினைத்துவிட்டார்கள். இரவெல்லாம் கல்யாண வீட்டில் ஜெனரேட்டர் ஓட்டிய அந்த மனிதன், சாரலுக்கு ஒதுங்கி வண்டிக்கு அடியிலேயே சாக்கை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். சீசனில் டிரைவர்கள் எல்லோரும் செய்வதுதான். குனிந்து பார்க்க இவர்களுக்குத் தோன்றவில்லை. நல்லகண்ணு வண்டியை எடுத்தான். பின்சக்கரம் ஒருமுறை ஏறி இறங்கியது. கல் என்று அவன் நினைத்துக்கொண்டான். பின்னால் பைக்கில் வந்த லிங்கேஸ்வரன் பார்த்துவிட்டான். பார்த்தும் நிற்காமல் போனான்.

மறுநாள் பேப்பரில் செத்தவன் பெயர் வந்தது, முகம்மது ரபீக் என்று. அவனும் திருடர்களுக்கு உடந்தை என்று முதலாளி சந்தேகப்படுவதாகவும் போட்டிருந்தார்கள். வண்டியை இந்த மில்லில் விட்டுவிட்டு, விஷயம் தெரிந்ததும் கேரளாவுக்கு ஓடிய நல்லகண்ணு, அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. தனியாக இங்கே வர லிங்கேஸ்வரனுக்கு இத்தனை நாள் துணிச்சல் வரவில்லை.

தகரக் கதவை நெம்பி உள்ளே நுழைந்ததும் ஈரத் தவிட்டு வாடை மூக்கில் ஏறியது. மூலையில் மினி லாரி நின்றது. கூரை ஓட்டையில் சாரல் சொட்டிக்கொண்டிருந்தது. தரை முழுக்க நனைந்து சொதசொதவென்று கிடந்தது. லிங்கேஸ்வரன் மல்லாந்து படுத்து, செல்போன் வெளிச்சத்தோடு வண்டிக்கு அடியில் நகர்ந்து போனான்.

முதுகுக்குக் கீழே சாக்கு தட்டுப்பட்டது.

தொட்டுப் பார்த்தான். காய்ந்திருந்தது. இப்போதுதான் யாரோ படுத்து எழுந்துபோனது போலச் சூடாகவும் இருந்தது.

நல்லகண்ணு இங்கேதான் ஒளிந்திருக்கிறானோ என்று முதலில் நினைத்தான். மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தான். சேசிஸில் கருவி ஒட்டிய இடத்தில் வெளிச்சத்தை அடித்தான். அங்கே ஒன்றும் இல்லை. செல்போனில் புள்ளி மட்டும் அவன் படுத்திருந்த அதே இடத்தில் நின்றது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. உஸ்ஸென்று, டயரில் காற்று இறங்கும் சத்தம்.

ஒரு டயர்.

அடுத்தது.

பதறிப் புரள்வதற்குள் வண்டி மொத்தமும் முனகிக்கொண்டு தாழ்ந்தது. இரும்புச் சட்டம் அவன் இடுப்பில் வந்து உட்கார்ந்தது. மூச்சுவிட முடிந்தது. கைகளை அசைக்க முடிந்தது. ஆனால் ஓர் அங்குலம்கூட நகர முடியவில்லை. செத்தோம் என்று நினைத்தான்.

கையிலிருந்த செல்போனில் புள்ளி நகர ஆரம்பித்தது.

மில்லை விட்டு வெளியே போனது. குளத்தங்கரையைத் தாண்டியது. இத்தனை நாளாக எத்தனையோ பேருடைய வண்டிகளை இப்படி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவன்தான். இது போகும் வழி அவன் தினமும் போகும் வழி. ஆய்க்குடிக்குள் நுழைந்து, கோயிலைக் கடந்து, அவன் தெருவுக்குள் திரும்பியது.

அவன் வீட்டில் போய் நின்றது.

வேல்விழிக்குப் போன் போட்டான். கதவைத் திறக்காதே என்று கத்தினான். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"தொறந்துட்டனே. யாரோ டிரைவராம். மழைக்கு ஒதுங்க எடம் கேட்டாரு, பாவமா இருந்துச்சு. ஒங்கள நல்லாத் தெரியும்னு சொல்லுதாரு. சட்டையெல்லாம் ஒரே செம்மண்ணுங்க."

"அவர்ட்ட போனக் குடுட்டி."

ஈரமான மூச்சு கேட்டது.

"அண்ணாச்சி, என் வண்டிய எங்கன விட்டிருக்கீங்க?"

கோபமே இல்லாத, அலுத்துப்போன குரல். லிங்கேஸ்வரன் அழுதுகொண்டே மில்லைச் சொன்னான். அவளை ஒன்றும் செய்துவிடாதே என்று கெஞ்சினான்.

"மொதலாளி நான் களவாண்டேன்னு நெனைக்காரு. எம் பொஞ்சாதி வெளிய தல காட்ட முடியல. நீங்களே போலீஸ்ல சொல்லுங்க. அதுவர இங்கன இருக்கேன்."

போன் கட்டானது.

எதை மறைக்க வந்தானோ அதையே இப்போது சொல்ல வேண்டியிருந்தது. நூறுக்கு அடித்தான். கருவியை ஒட்டியது தான்தான், வண்டியை ஓட்டியது நல்லகண்ணு, ரபீக்குக்கு இதில் பங்கே இல்லை, தூங்கிக்கொண்டிருந்தவனை ஏற்றிக் கொன்றுவிட்டோம் என்று ஒன்றுவிடாமல் சொன்னான். சிம் மனைவி பேரில் இருக்கிறது, அவளுக்கு எதுவும் தெரியாது, சத்தியமாகத் தெரியாது என்று திரும்பத் திரும்பச் சொன்னான். எதிர்முனையில் இருந்தவர் பொறுமையாக எழுதிக்கொண்டார். சீசன் கூட்டம், மில்லுக்குப் போலீஸ் வண்டி வர அரைமணி நேரமாவது ஆகும் என்றார்.

உடனே வேல்விழியைக் கூப்பிட்டான்.

"இப்பதான் எந்திரிச்சிப் போனாரு. டீ போட்டு வச்சேன், குடிக்கக்கூட இல்ல. தூக்கம் வருது, வண்டிக்குப் போறேம்னுட்டாரு" என்றாள்.

அவள் பிழைத்தாள். அந்த நிம்மதியில் அவனுக்குத் தேம்பல் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு செல்போனைப் பார்த்தான்.

புள்ளி திரும்பி வந்துகொண்டிருந்தது.

கோயில். குளத்தங்கரை. இலத்தூர் ரோடு. போலீஸுக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருந்தது. புள்ளிக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

மில்லின் வாசலில் நின்றது.

தகரக் கதவு அசையவில்லை. ஆனால் ஈரத் தவிட்டின் மேல் நடந்து வரும் சத்தம் கேட்டது. தரையோரமாக வெளிச்சத்தை அடித்தான். கால்கள் எதுவும் தெரியவில்லை. சத்தம் மட்டும் வண்டியைச் சுற்றி வந்து, இடப்பக்கம் நின்றது. ஈரத்துணி வாடை அடித்தது.

சாக்கின் அந்த ஓரம் அமுங்கியது.

லிங்கேஸ்வரன் கண்களை இறுக மூடிக்கொண்டான்.

"அண்ணாச்சி" என்றது காதோரத்தில் ஒரு தூக்கக் கலக்கமான குரல். "கொஞ்சம் தள்ளிப் படுங்க."