நரிப்பொடவில் கீரி

"அந்த ஹெல்மெட்டையாவது கழட்டு சங்கவி! ஆடு மேய்க்கிறவங்க பாத்தா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்! இன்னைக்குச் சாயங்காலம் இந்த ஊரே வாயைப் பொளந்து பாக்கப்போகுது. அப்புறம், வேஷம் போட்டாச்சுன்னா என்னைச் சங்கவின்னு கூப்பிடாதேன்னு எத்தனை தடவை சொல்றது? நான் கீரி!"

நவாஸ் தலையில் அடித்துக்கொண்டான். ஆனாலும் பின்னாலேயே ஏறினான். இருவரும் பதினொன்றாம் வகுப்பில் ஒரே பெஞ்சு வரிசை. அவள் இழுக்கிற வம்புக்கெல்லாம் கூடப்போய், பிறகு அவளுக்கும் சேர்த்துத் திட்டு வாங்குவது அவனுக்குப் பழகிப்போன வேலை.

மூணுகுண்டுக் கரடு என்கிற அந்தப் பாறைக் குன்று வெயிலில் தகதகத்தது. சங்கவி ஒரு பாறையிலிருந்து இன்னொரு பாறைக்குத் தாவினாள். அப்பாவின் பழைய மழைக்கோட்டுக்குப் பழுப்புச் சாயம் ஏற்றி, முதுகில் நீளமாக ஒரு துணியைத் தைத்துவிட்டிருந்தாள். கண்ணுக்கு நீச்சல் கண்ணாடி. தலையில் சைக்கிள் ஹெல்மெட். பாம்பைக் கண்டால் பாய்கிற கீரி மாதிரி, திருடனைக் கண்டால் பாய்கிறவள்!

அவளுடைய முதல் பாய்ச்சல் முன்பொரு நாள் சந்தையில் நடந்தது. மொபெட்டைத் தள்ளிக்கொண்டு போன ஒருவர் மேல் பாய்ந்து, கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "திருடன்! திருடன்!" என்று கத்தினாள். பாவம், அது அவருடைய சொந்த வண்டி. பெட்ரோல் தீர்ந்துபோய்த் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். அதிலிருந்து சங்கவி தெருவில் நடந்தாலே, "ஏய், வண்டியைப் பூட்டுங்கப்பா, கீரி வருது!" என்று கேலி செய்தார்கள்.

இந்தத் தடவை விஷயம் வேறு. கரட்டுப்பட்டிக் காளியம்மன் கோயிலின் ஐம்பொன் சிலை காணாமல் போயிருந்தது. கோயில் காவலாளி சங்கவியின் சித்தப்பா சோலைராசு. பூட்டு உடைபடாமல் சிலை போனதால், அவரைத்தான் விசாரணைக்கென்று கூட்டிக்கொண்டு போனார்கள். இன்னும் விடவில்லை. சித்தி பேச்சியம்மா அடுப்பே பற்றவைக்கவில்லை.

நேற்று கரட்டில் ஏறிப் பழகும்போது, நரிப்பொடவு என்று ஊரார் சொல்லும் குகைப் பக்கம் பீடி வாசனை வந்தது. யாரும் போகாத இடம் அது! பாறையடியில் புதுக் காலடித் தடங்களும் கிடந்தன.

"போலீஸ்ல சொல்லிருவோம்," என்றான் நவாஸ், குகை வாசலுக்கு வந்ததும்.

"சொன்னா? 'அடுத்த மொபெட் எங்கம்மா'ன்னு கேப்பாங்க. நான் உள்ள போய்ப் பாத்துட்டு வர்றேன். நீ இங்கயே நில்லு."

வாசல் என்று பெயர்தான். குனிந்துகூடப் போக முடியாது, படுத்துத்தான் ஊர வேண்டும். அவள் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு உள்ளே ஊர்ந்தாள். நெஞ்சு படபடவென்று அடித்தது. அந்தப் படபடப்புதான் அவளுக்கு எப்போதும் வேண்டியிருந்தது. ரயில் வரும்போது பாலத்தில் நிற்பதும், தண்ணீர்த் தொட்டி உச்சியில் நடப்பதும் அதற்காகத்தான்.

பாதி தூரத்தில் முதுகுத் துணி எதிலோ மாட்டிக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை.

"இழுக்காதே! நான் வந்து எடுத்துவிடுறேன்!" நவாஸின் குரல் கேட்டது.

அவள் பலம் கொண்ட மட்டும் ஒரு வெட்டு வெட்டி இழுத்தாள். துணி வந்தது. கூடவே அதைப் பிடித்திருந்த கல்லும் வந்தது! தலைக்குப் பின்னால் தடதடவென்று ஓசை. உடம்பு வழுக்கி, செங்குத்தான ஒரு சரிவில் உருண்டு, பொத்தென்று கீழே விழுந்தாள். மேலே புழுதி அடங்கியபோது, வந்த வழியைக் கல்லும் மண்ணும் அடைத்திருந்தன.

"சங்கவி! சங்கவி!"

கல்லிடுக்கு வழியாக அவன் குரல் மெலிதாக வந்தது.

"உசுரோடதான் இருக்கேன்! வழி அடைச்சிருச்சு. ஆளைக் கூட்டிட்டு வா! ஓடு!"

அவன் காலடி ஓசை தேய்ந்து மறைந்தது. அப்போதுதான் இருட்டுக்குள் யாரோ முனகினார்கள்.

அவள் விழுந்து கிடந்த டார்ச்சை எடுத்தாள். முனகல் வந்த பக்கம் திருப்பினாள். பாறையோடு பாறையாக ஒரு மனிதர் கிடந்தார். வலது கால் ஒரு பெரிய கல்லுக்கு அடியில் இருந்தது. உதடெல்லாம் வெடித்திருந்தது. அவர் யாரென்று அவளுக்குத் தெரியும். கோயில் கொடைத் திருவிழாவுக்கு மைக் செட் கட்டுகிற சன்னாசி! சித்தப்பாவோடு டீ குடிக்கிறவர். சித்தப்பாவின் சாவிக்கொத்து தொங்கும் ஆணி தெரிந்தவர்.

"தண்ணி..." என்றார்.

அவள் இடுப்பிலிருந்த பாட்டிலைக் கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்தார். திருடனைப் பிடித்தாயிற்று! ஆனால் பிடிக்க அங்கே என்ன இருந்தது?

"சிலை எங்கண்ணே?"

"இங்கதான் இருக்கு. எங்கன்னு சொல்ல மாட்டேன்."

"எங்க சித்தப்பா ஸ்டேஷன்ல இருக்காரு!"

சன்னாசி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "மேல ஒரு பொந்து இருக்கு பாரு. அது வழியாத்தான் கயிறு கட்டி எறங்கினேன். சிலையை ஒளிச்ச எடத்துலருந்து எடுக்கையில கல்லு சரிஞ்சிருச்சு. கூட வந்து மேல நின்னவனுங்க, 'சிலையைக் குடு, உன்னைத் தூக்குறோம்'னானுங்க. 'என்னை முதல்ல தூக்குங்க'ன்னேன். கயித்தை உருவிக்கிட்டு, 'கெட, தானா சொல்லுவே'ன்னு போயிட்டானுங்க. முந்தாநாள்லருந்து கெடக்கேன் புள்ள. நேத்தும் வந்து பீடி குடிச்சிக்கிட்டே கேட்டுட்டுப் போனானுங்க. அந்தச் சிலையும் போயிட்டா என்னை எவன் தூக்குவான்?"

அண்ணாந்து பார்த்தாள். உயரத்தில் புதர் மறைத்த ஒரு வெளிச்சம். அதற்குக் கீழே சின்னத் திட்டு. குதித்தாலும் கைக்கு எட்டாது. குதித்துப் பார்த்தாள். சுவரில் கால் வைத்து ஏறிப் பார்த்தாள். வழுக்கி வழுக்கி முழங்கை தோல் உரிந்தது. கத்தினாள். அவள் குரல் அவளுக்கே திரும்பி வந்தது.

சுவர்கள் நெருங்கி வருவது போல இருந்தது. மூச்சு முட்டியது. ஹெல்மெட்டையும் கண்ணாடியையும் பிடுங்கி எறிந்துவிட்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். கீரியாவது ஒன்றாவது! வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது.

அப்போதுதான் இடி இடித்தது.

கோடை மழை! மேல் பொந்து வழியாக முதலில் சொட்டியது, பிறகு ஊற்றியது. சுவரெல்லாம் நீர் வழிந்தது. சன்னாசி பதறினார். "தண்ணி வெளிய போற வழி எது தெரியுமா? நீ உருண்டு வந்த சரிவுக்கு அடியில இருக்குற சந்துதான்! அதையும் கல்லும் மண்ணும் அடைச்சுக்கிச்சே!"

அவள் எழுந்துவிட்டாள். அழுகை நின்றுவிட்டது. செய்வதற்கு ஒரு வேலை இருந்தது.

"கடப்பாரை இருக்கா?"

"அந்தா, அங்க கெடக்கு. எனக்கு எட்டல."

கடப்பாரையைக் கல்லுக்கு அடியில் கொடுத்து, முழு உடம்பையும் அதன்மேல் போட்டாள். கல் அசையவில்லை. தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. ஒரு சின்னக் கல்லை முட்டுக்கொடுத்து மறுபடி அழுத்தினாள். "இப்ப இழுங்கண்ணே! இழுங்க!" சன்னாசி அலறிக்கொண்டே காலை உருவினார். எலும்பு முறிந்திருந்தது. அவள் மழைக்கோட்டைக் கிழித்து, கடப்பாரைக்குப் பக்கத்தில் கிடந்த குச்சியை வைத்து, காலை இறுக்கிக் கட்டினாள். முதுகில் பறப்பதற்கென்று ஆசையாகத் தைத்த துணி முழுதும் அந்தக் காலுக்கே போயிற்று.

"சுவத்துல சாய்ஞ்சு ஒத்தக் கால்ல நிக்க முடியுமா? உங்க தோள் மேல ஏறினா எனக்குத் திட்டு எட்டும்."

அவர் அவளைக் கூர்ந்து பார்த்தார். "ஏறினதும் நீ போயிட்டா?"

"போக மாட்டேன்."

"அவனுங்களும் அப்படித்தான் சொன்னானுங்க."

"சிலை எங்க இருக்குன்னு எனக்குச் சொல்லாதீங்க. உங்ககிட்டயே இருக்கட்டும். உங்களை எடுத்த பெறகு பாத்துக்கலாம்."

சன்னாசி சுவரைப் பிடித்து எழுந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அவள் தோளில் கால் வைத்தபோது அவர் உடம்பு கிடுகிடுவென்று நடுங்கியது. விரல் நுனியால் திட்டைப் பிடித்து, வயிற்றைத் தேய்த்துத் தேய்த்து ஏறி, சேற்றோடு பொந்துக்கு வெளியே வந்து விழுந்தாள். மழை! வானம்! காற்று!

புதருக்குள் அந்த நைலான் கயிறு சுருட்டிக் கிடந்தது. ஒரு முனையை வேலமரத்தில் கட்டி, மறுமுனையை உள்ளே விட்டாள்.

"நவாஸ்! நவா...ஸ்! மேல வா!" கத்திக்கொண்டே இருந்தாள்.

சரிவில் ஓடிவந்தான் நவாஸ். கூடவே வழியில் அகப்பட்ட ஆட்டுக்காரர் ஒச்சப்பன். மூச்சிரைக்க மூவரும் கயிற்றைப் பிடித்தார்கள்.

"கட்டிக்கிட்டீங்களாண்ணே?"

"இழு!"

இழுத்தார்கள். பாரம் குறைவாக இருந்தது. சங்கவிக்குத் திக்கென்றது. கட்டு அவிழ்ந்துவிட்டதா? எட்டிப் பார்த்தாள். கயிற்று நுனியில், ஈரச் சாக்கில் பொதிந்து, காளியம்மன் வந்துகொண்டிருந்தாள்.

கீழே தண்ணீர் சன்னாசியின் நெஞ்சுக்கு வந்திருந்தது. அவர் அண்ணாந்து நின்றார், கை இரண்டும் காலியாக.

"ஏண்ணே இப்படிப் பண்ணினீங்க?"

"தண்ணிக்குள்ள போயிட்டா அப்புறம் யாரு தேடுவா? சோலைராசு வெளிய வரணும்ல," என்றார். பிறகு, சின்னக் குரலில், "கயித்தைப் போடுறியா, புள்ள?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் கயிறு கீழே போய்விட்டது.

மழை விட்ட பிறகு கரட்டிலிருந்து இறங்கினார்கள். ஒச்சப்பன் சிலையைத் தலையில் வைத்திருந்தார். சங்கவியும் நவாஸும் சன்னாசியைத் தோளில் தாங்கி வந்தார்கள். சிலையைப் பார்த்ததும் ஊரே குலவையிட்டது. யாரோ மேளத்தை எடுத்து அடித்தார்கள். சங்கவி கனவு கண்டதெல்லாம் நடந்தது!

அடுத்த நொடி ஒருவர் சன்னாசியைப் பார்த்துவிட்டார். "இவன்தானா? கூடவே இருந்து கழுத்தறுத்தவன்! போடுறா!" கல்லும் கம்புமாகக் கூட்டம் பாய்ந்தது.

சங்கவி அவருக்கு முன்னால் போய் நின்றாள். ஹெல்மெட் இல்லை, கோட்டு இல்லை. தலையெல்லாம் சேறு, முழங்கையெல்லாம் ரத்தம். இரண்டு கையையும் விரித்து மறித்தாள்.

"யாரும் கை வைக்கக் கூடாது! அவரு என்னைத் தோள்ல ஏத்திவிடலேன்னா நான் இந்நேரம் பொணம். சிலையும் கெடைச்சிருக்காது. தப்புப் பண்ணினவரு ஸ்டேஷனுக்குப் போகட்டும். அடிக்கணும்னா என்னை அடிச்சிட்டுப் போங்க!"

நவாஸ் அவள் பக்கத்தில் வந்து நின்றான். ஒருவரும் கம்பை இறக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு சித்தி பேச்சியம்மா வந்தாள். சன்னாசியை அடிக்கக் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது.

"ஸ்டேஷனுக்கு வந்து உள்ளது உள்ளபடி சொல்லுவியா?"

"சொல்றேன், ஆத்தா."

"அப்ப என்ன வேடிக்கை? வேனைக் கொண்டாங்கய்யா! முதல்ல அந்தக் காலைக் காட்டணும்ல," என்றாள் சித்தி.

வெளிச்சம் மங்குவதற்குள் சோலைராசு வீட்டுக்கு வந்துவிட்டார். சன்னாசி சொன்ன அடையாளத்தை வைத்து மற்றவர்களையும் பிடித்துவிட்டதாகச் சேதி வந்தது. தின்னத் தின்னச் சித்தி சோறு போட்டுக்கொண்டே இருந்தாள். நவாஸுக்கும் ஒரு தட்டு.

"உனக்குப் பயமா இல்லையாடி?" என்று கேட்டார் சித்தப்பா.

"ரொம்பப் பயம் சித்தப்பா. அழுதேன்," என்றாள் சங்கவி. "முதல்லயே உங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டுப் போயிருக்கணும். நவாஸ் சொன்னான், நான்தான் கேக்கல."

நவாஸ் ரசத்தை உறிஞ்சுவதை நிறுத்தினான். "இன்னொரு தடவை சொல்லு. யாரு சொன்னான்?"

அவள் அவன் தட்டில் இருந்த அப்பளத்தை எடுத்து நொறுக்கென்று கடித்தாள்.