இல்லாத அண்ணனுக்கு மருந்து

மழைக்குக் கிளினிக்குள் ஒதுங்கியவன் அவள் கதிரையிலேயே உட்கார்ந்துவிட்டான்...

"ஏங்க, அது என்னோட கதிரை."

நிமிர்ந்தான். அப்பப்பா, என்ன கண்கள்! நாலு நாள் தூங்காத கண்கள்தான். இருந்தும் கிருஷாந்தியால் பார்வையை எடுக்க முடியவில்லை.

"நீங்க டாக்டரா?"

"இல்லைங்க. எனக்கும் மனசு சரியில்லாம இந்த கிளினிக்ல மருந்து குடிச்சுத்தான் சுகமானேன். இப்ப வர்றவங்களுக்குத் துணையா இருக்கச் சொல்லி வேலைக்கு எடுத்திருக்காங்க."

"நல்ல கூத்து! நோயாளிக்கு நோயாளியே வைத்தியமா?" வெடுக்கென்று எழுந்தான். "நான் எங்க அண்ணனுக்கு மருந்து எடுக்க வந்தேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் மருந்துப் பையை வாங்கிய அவன் விரல்கள் நடுங்கின. அந்த நடுக்கம் அவளுக்குத் தெரியும்... இரண்டு வருடம் அவள் விரல்களிலும் இருந்தது. அவள் கேட்கவில்லை. தானாகச் சொல்லும்வரை யாரையும் தோண்டக் கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

அவன் விஜிதரன். நோர்வூட்டில் டெய்லர். மாதம் ஒருமுறை வந்தான்.

"அண்ணன் எப்படி இருக்காருங்க?"

"ஊசியில நூல் கோக்கவே கஷ்டப்படுறாரு."

"ஓ... அண்ணனும் டெய்லரா?"

"ம்... குடும்பமே டெய்லர்."

"டாக்டர்கிட்ட சொல்லுங்க, மருந்த மாத்துவாங்க. அண்ணன் சிரிப்பாரா?"

"உங்ககிட்ட பேசுன அன்னைக்கு சிரிப்பாரு..." நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் சிரிப்பை மறைக்க மழையைப் பார்த்தாள்.

பொல்லாத மாதம்! அதற்கு முப்பது நாள் எதற்கு? அவளுக்கு ஏக்கமாக இருந்தது. அவன் உண்மையைச் சொல்லவே போவதில்லையோ?

ஒரு மாதம், வரவேண்டிய நாளில் அவன் வரவில்லை. அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த மாதம் நனைந்துபோய் வந்து நின்றான்.

"போன மாசம் ஏங்க வரல?"

"பொண்ணு பார்க்கக் கூட்டிட்டுப் போனாங்க. மருந்து குடிக்கிறதப் பத்தி மூச்சு விடாதேன்னு அம்மா சொன்னாங்க. என்னால முடியல... வேணாம்னுட்டேன்." அவள் முகத்தைப் பார்த்தான். "எனக்கு அண்ணனே கெடையாதுங்க. மருந்து எனக்குத்தான். மறைக்காம வாழணும்னா... அது உங்களோடதான்."

அவள் சட்டென்று திரும்பினாள். அவளோடு அதே வேலை பார்க்கும் துஷாந்த்தைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இனி இவர நீங்க பாத்துக்குங்க."

விஜிதரனுக்கு முகம் செத்துவிட்டது. "நான் சொன்னது புடிக்கலீங்களா?"

"எங்க வேலையில ஒரு கட்டுப்பாடு இருக்குங்க..." அவள் தலை குனிந்தது, கன்னம் சிவந்தது. "மனசுக்குப் புடிச்சவங்கள நாங்களே பாத்துக்கக் கூடாதாம்."