டீச்சர் வீட்டு மவுஸ்

கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவனிடம் யாரும் உண்மை பேசுவதில்லை. "நான் ஒண்ணுமே பண்ணலைங்க, அதுவா நின்னுடுச்சு" என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். கீபோர்டைக் கவிழ்த்தால் அரை டம்ளர் காப்பி கொட்டும். அதனால், டீச்சரின் மகள் வேறு ஊரிலிருந்து போன் செய்து, "அண்ணா, அம்மாவோட கம்ப்யூட்டர்ல பிரவுசர் அதுவாவே மூடிக்குதாம், ஒரு எட்டு போய்ப் பாருங்களேன்" என்றபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போகிறபோக்கில் முடித்துவிடலாம் என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

மழைக்கு முந்தைய பிற்பகல். மாடி வீடு. படிக்கட்டு குறுகலாக இருந்தது, சுவரெல்லாம் ஈரம் ஊறிப்போயிருந்தது. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர்; தெருவுக்கே அவர் டீச்சர்தான். கணவர் டிரைவராக இருந்தவர். சில மாதங்களுக்கு முன் தவறிவிட்டார் என்று மகள் சொல்லியிருந்தாள்.

முன்னறையில் ஜன்னல்கள் சாத்தியிருந்தன. சுவரோரம் கம்ப்யூட்டர் மேஜை. அதன் முன் உட்காருகிறவரின் முதுகுக்குப் பின்னால், மேஜையைப் பார்த்தபடி ஒரு பிரம்பு நாற்காலி; கைப்பிடியில் மடித்துப் போட்ட துண்டு. உள்ளே நுழைந்ததுமே தைல வாசனை மூக்கில் ஏறியது, நெஞ்சிலும் முதுகிலும் தேய்த்துக்கொள்கிற காரமான தைலம்.

"தலைவலியா டீச்சர்?"

"இல்லையே தம்பி."

"தைலம் வாசனை வருதே?"

டீச்சர் கம்ப்யூட்டரைப் போட்டார்.

என் தொழிலில் எனக்கென்று ஒரு முறை உண்டு. நானாக எதையும் தொடமாட்டேன். கம்ப்யூட்டருக்குச் சொந்தக்காரரையே உட்காரவைத்து, வழக்கமாகச் செய்வதைச் செய்துகாட்டச் சொல்வேன். டீச்சர் உட்கார்ந்தார். செய்தி பார்த்தார். மழை வருமா என்று பார்த்தார். பேத்தியின் போட்டோக்களைப் பார்த்தார். பிரவுசர் சமர்த்தாக ஓடியது.

"டாக்டரைப் பாத்ததும் காய்ச்சல் விட்டுடுச்சு போல" என்றேன். டீச்சர் சிரிக்கவில்லை. "என்ன பாக்கும்போது டீச்சர் மூடிக்குது?"

"சும்மா... ஏதாவது பாக்கும்போது."

அந்த 'ஏதாவது'தான் என் பிழைப்பைக் கெடுக்கிற வார்த்தை. எரிச்சலை விழுங்கிக்கொண்டு நானே உட்கார்ந்தேன். சேர்ந்து கிடந்த குப்பையைத் துடைத்தேன். பிரவுசரில் தேவையில்லாமல் ஒட்டிக்கொண்டிருந்த சின்னச் சின்ன இணைப்புகளைக் கழற்றினேன். பிரவுசரைப் புதுப்பித்தேன். வைரஸ் இருக்கிறதா, மெமரி சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தேன். ஒரு குறையும் இல்லை.

அதுதான் எனக்கு இடித்தது. பிரவுசர் கோளாறில் விழுந்தால், மறுபடி திறக்கும்போது 'விட்ட இடத்திலிருந்து தொடரவா?' என்று கேட்கும். கம்ப்யூட்டருக்குள் அதற்கு ஒரு தடயமும் விழுந்திருக்கும். இங்கே எந்தத் தடயமும் இல்லை. இது ஒருநாளும் விழவேயில்லை. ஒவ்வொரு முறையும் யாரோ ஒழுங்காக மூடியிருக்கிறார்கள்.

"டீச்சர், தப்பா நினைக்காதீங்க. நீங்களே கைதவறி மூடிடறீங்களோ?"

"பெரிய வகுப்புக்குக் கணக்கு எடுத்தவ தம்பி நான். நான் மூடறதுக்கும் அதுவா மூடிக்கறதுக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு?"

கடைசியாக நெட் வேகத்தைப் பார்த்துவிடலாம் என்று தேடும் இடத்தில் 'நெ' என்று அடித்தேன். முன்பு அடிக்கடி தேடிய வரி மீதியைத் தானாக நிரப்பியது.

'நெஞ்சு வலி வந்து எவ்வளவு நேரத்துக்குள் போனால் பிழைக்கலாம்.'

பின்னால் டீச்சரின் மூச்சு நின்றது போலிருந்தது. கைப்பழக்கம், நான் என்டரைத் தட்டிவிட்டேன்.

ஒரு ஆஸ்பத்திரியின் பக்கம் திறக்கத் தொடங்கியது. என் இரண்டு கைகளும் கீபோர்டில் இருந்தன.

அம்புக்குறி நகர்ந்தது.

மெதுவாக நகர்ந்தது. மவுஸ் பிடித்துப் பழக்கமில்லாத ஒருவர் பிடித்தால் எப்படிப் போகுமோ அப்படி. மேலே ஏறி, குறி தவறிச் சற்று தள்ளிப் போய், திரும்பி வந்து, மூலையில் இருக்கும் பெருக்கல் குறி மேல் நின்றது.

'டிக்.'

பிரவுசர் மூடிக்கொண்டது.

சத்தம் மவுஸிலிருந்துதான் வந்தது. அதன் மேல் யார் கையும் இல்லை.

தைல வாசனை என் தோளுக்கு மேலிருந்து இறங்கியது. பிரம்பு நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது. திரும்பிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது, ஆனால் கழுத்து திரும்பவில்லை.

"பாத்தீங்கல்ல?" டீச்சரின் குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

"என்ன டீச்சர் இது?"

அவர் அப்போதுதான் உண்மையைச் சொன்னார். அன்றும் இதே போல ஒரு பிற்பகல். வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். தைலத்தை எடுத்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். டீச்சருக்கு மனசு கேட்காமல், இதே கம்ப்யூட்டரில் இதே கேள்வியைத் தேடியிருக்கிறார். பக்கம் திறந்திருக்கிறது.

"படிக்க விடல தம்பி. எழுந்து வந்து, 'உனக்கு இந்தப் பெட்டிதான் டாக்டர், சும்மா கேஸ்தான்டி'ன்னு சொல்லி அவரே மவுஸைப் பிடிச்சு மூடினாரு. அதுக்கு முன்னால அவரு அதைத் தொட்டதே கிடையாது. எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு. நானும் சிரிச்சேன்." டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "தூங்கறாருன்னுதான் நினைச்சேன். விளக்கு வைக்கற நேரத்துக்குக் காப்பி போட்டு எழுப்பினேன்."

மழை தொடங்கியிருந்தது.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சா போதும்" என்றார் டீச்சர். "அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருந்தா பிழைச்சிருப்பாரா, மாட்டாரா? வேற யார்கிட்டயும் கேக்க வாய் வரல. இதுகிட்ட கேட்டா, அவரு விடமாட்டேங்கறாரு."

பயந்தவன் என்ன செய்வான்? தெரிந்த வேலையைச் செய்வான். "மவுஸ் கோளாறுதான் டீச்சர். பழசாயிட்டா அம்பு அதுவா நகரும்" என்று சொல்லி, பையில் இருந்த புது மவுஸை மாட்டினேன். என் குரலை நானே நம்பவில்லை. டீச்சரும் நம்பவில்லை, ஆனாலும் தலையாட்டினார். மறுபடி அந்த வரியைத் தட்டினேன்.

பக்கம் திறந்தது. திறந்தபடியே நின்றது.

டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. "நான் வர்றேன் டீச்சர்" என்று படியிறங்கிவிட்டேன். கழற்றிய பொருளை வீசியெறிகிற பழக்கம் எனக்குக் கிடையாது. பழைய மவுஸ் என் பையில் இருந்தது. படிக்கட்டு முழுக்கத் தைல வாசனை கூடவே வந்தது. சட்டையில் ஒட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நாள் கழித்து என் கடை மவுஸ் மக்கர் செய்தது. டிராயரில் கையை விட்டேன், டீச்சர் வீட்டுப் பழைய மவுஸ்தான் வந்தது. மாட்டினேன். அதன் பிறகு ஒன்றும் நடக்காததால் நாளடைவில் மறந்தும் போனேன்.

என் கடை வீட்டின் முன்னறையிலேயே இருக்கிறது. ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவனுக்கு நெஞ்சில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துவது போலிருந்தது. இடது தோளில் வலி இழுத்தது. வியர்த்துக் கொட்டியது. எட்டிப் பார்த்த என் மனைவியின் முகம் மாறிவிட்டது.

"என்னங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமா?"

"ஆரம்பிச்சுட்டியா? சும்மா கேஸ்தான். போ, சுடுதண்ணி கொண்டா."

சொல்லி வாயை மூடவில்லை, திரையில் பிரவுசர் தானாகத் திறந்தது. டீச்சர் வீட்டில் பார்த்த அதே ஆஸ்பத்திரிப் பக்கம்.

மூடினேன்.

அம்புக்குறி என் கையை மீறி நகர்ந்தது. 'டிக்.' திறந்தது.

மறுபடி மூடினேன்.

என் உள்ளங்கைக்குக் கீழே மவுஸ் துடித்தது. 'டிக்.' திறந்தது.

கையை எடுத்துவிட்டேன். 'டிக், டிக், டிக்' என்று பக்கத்தின் மேல் பக்கமாகத் திறந்துகொண்டே போனது, திரை கொள்ளாமல். தைல வாசனையில் கண்ணில் நீர் வந்தது. வாடிக்கையாளர்கள் உட்காரும் நாற்காலி, ஆளில்லாமல், என் பக்கம் ஒரு முழம் நகர்ந்தது.

"வண்டியைக் கூப்பிடு" என்றேன் மனைவியிடம். "சீக்கிரம்."

பிழைத்துக்கொண்டேன். "நல்லவேளை, உடனே வந்தீங்க" என்றார் டாக்டர், என் தோளைத் தட்டி. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நான் மட்டும் படுக்கையில் திரும்பிப் படுத்து அழுதேன். டீச்சர் அத்தனை மாதமாகக் கேட்ட கேள்விக்கு நானே பதிலாகக் கிடக்கிறேன். இதை எந்த முகத்தோடு அவரிடம் போய்ச் சொல்வேன்?

வீடு திரும்பிய பிறகு அந்தத் தெருப்பக்கமே போகாமல் இருந்தேன். டீச்சரே போன் செய்தார்.

"கம்ப்யூட்டர் நல்லா ஓடுது தம்பி. ஒருதடவை கூட மூடல."

"சந்தோஷம் டீச்சர்."

"எல்லாத்தையும் படிச்சுட்டேன். பிழைச்சிருப்பாரு." அந்தக் குரலில் அழுகை இல்லை, அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. "கோவம் கோவமா வருது. என் மேலயும், அவர் மேலயும். ஆனா திட்டறதுக்குக் கூட ஆளில்லையே. நாற்காலி சத்தம் இல்ல. தைலம் வாசனை இல்ல. மூடறாரு மூடறாருன்னு கம்ப்ளெய்ன்ட் பண்ணினேன்ல? இப்ப வீட்டுல யாருமே இல்ல தம்பி. அவரு எங்க போயிட்டாருன்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

என் கடையில் தைல வாசனை அடித்துக்கொண்டிருந்தது.

மவுஸைக் கழற்றி, துணியில் சுற்றிப் பையில் வைத்தேன். நடக்கும்போது பைக்குள் மவுஸின் அடிவிளக்கு சிவப்பாகத் தெரிந்தது. எந்த மின்சாரத்தில் எரிந்ததோ, நான் குனிந்து பார்க்கவில்லை.

படியேறி வந்தவனை டீச்சர் மேலும் கீழும் பார்த்தார். "என்ன தம்பி இப்படி இளைச்சுப் போயிட்டீங்க?"

"காய்ச்சல் டீச்சர்" என்றேன். அந்த வீட்டில் நான் சொன்ன இரண்டாவது பொய்.

புது மவுஸைக் கழற்றிப் பழையதை மாட்டினேன். திரையில் அந்தப் பக்கம்தான் திறந்திருந்தது. நாள் முழுக்க அதை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார். இருவரும் கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தோம்.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. டீச்சரின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டு வந்தது.

பிறகு அம்புக்குறி அசைந்தது. மேலே ஏறி, குறி தவறி, திரும்பி வந்தது.

'டிக்.'

டீச்சர் சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்து, மேஜை மேல் தலையைச் சாய்த்து அழத் தொடங்கினார். "வந்துட்டீங்களா... எங்க போயிட்டீங்க... சொல்லாமக் கொள்ளாம எங்க போயிட்டீங்க..."

நான் சத்தமில்லாமல் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். படியிறங்கும்போது உள்ளே அழுகை ஓய்ந்து அதட்டல் ஆரம்பித்திருந்தது. "ஆஸ்பத்திரிக்கு வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன? வாய் முத்து உதிர்ந்துடுமா?"

டீச்சர் பேசி நிறுத்தும்போதெல்லாம் பிரம்பு நாற்காலி கிறீச்சிட்டது.