கடை திறந்துதான் இருக்கு

கண்ணாடி உள்ளிருந்து வியர்த்திருந்தது.

சந்திரமதி நடைபாதையில் அப்படியே நின்றாள். கடையின் திறப்புக் கொத்தைப் புதியவர்களிடம் ஒப்படைத்து ஒன்பது நாளாகியிருந்தது. அதற்கு முதல்நாளே கொதிகலனையும் சலவை இயந்திரங்களையும் நீராவி மேசைகளையும் பெயர்த்து லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எதிர்ப்பக்கத்துப் பஸ் தரிப்பிடத்தில் நின்று, கடைசித் துண்டுக் குழாய் போகும்வரை அவள் பார்த்திருந்தாள். உள்ளே இப்போது நாலு சுவரும், இயந்திரங்களைப் பூட்டியிருந்த ஆணித் துளைகளும்தான். ஆனாலும், ஏரியிலிருந்து ஏறிவந்த நவம்பர் மூடுபனி தெருவிளக்குகளைப் பாதி விழுங்கியிருந்த அந்தப் பின்னேரத்தில், கடைக் கண்ணாடி இருபத்துமூன்று குளிர்காலமும் வியர்த்ததுபோலவே வியர்த்து, நீர் கோடு கோடாக வழிந்து, கீழ்ச் சட்டத்தில் தேங்கி நின்றது.

கையுறையைக் கழற்றி ஒரு விரலை வைத்துப் பார்த்தாள். இளஞ்சூடு.

புதியவர்கள் சுவருக்குப் பெயின்ட் அடித்துக் காயப்போட ஹீட்டர் வைத்திருப்பார்கள். அப்படித் தனக்குச் சொல்லிக்கொண்டு நடந்தாள்.

சுவிஸில், நொஷாட்டல் நகரிலிருந்து ரயிலில் இருபது நிமிடம் தள்ளியிருந்த அந்தச் சின்ன ஊரில் அவர்களுடையது ஒன்றுதான் லோண்டரி. அவளுடைய கணவர் தவராஜா ஓர் உணவகத்தில் கோப்பை கழுவியும், அவள் ஆஸ்பத்திரிப் படுக்கைத் துணிகளை மடித்தும் சேர்த்ததில் தொடங்கிய கடை. பெயர்ப்பலகையில் அவர் மனைவியின் பெயரைத்தான் போட்டார்: ‘பிறெஸ்ஸிங் மதி’. பதிவும் அவள் பெயரில். ஊர் முழுக்க அவளை மதாம் மதி என்றது. அவர் அந்தக் கடையை விரும்பினார்; விடிய எழும்பி முதல் நீராவி சீறும்போது பிறந்த பிள்ளையின் முதல் அழுகையைக் கேட்டவர்போல முகம் மலருவார். அவளோ பத்து வருடமாக அந்த வெக்கையை வெறுத்தாள். குனிந்து நிமிர விடாத நாரி நோவு, கஞ்சி மணம், பிறத்தியாரின் வியர்வை. விடுவோம் என்று கேட்டுக் கேட்டு அலுத்திருந்தாள்.

ஓகஸ்டில் ஒருநாள் நீராவி மேசையடியில் அவர் சரிந்தார். பாரிசவாதம்; வலப்பக்கம் இழுத்துக்கொண்டது. அவர் நினைவில்லாமல் கிடந்த மூன்றாம் கிழமை, இடத்தைக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். அவள் கையெழுத்து வைத்தாள். பேனையைக் கீழே வைத்த கணத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கியதுபோல, தன்பாட்டில் வந்த சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பற்றி அவள் இன்றுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு நித்திரையும் இல்லை.

கண் விழித்தவர் முதலில் கேட்டது கடையைத்தான்.

“திறந்துதான் இருக்கு,” என்றாள்.

அந்த ஒரு சொல்லை அதன்பிறகு ஒவ்வொரு நாளும் ஊட்டி வளர்க்க வேண்டியிருந்தது. எந்த ரீச்சர் என்ன கோட்டுக் கொண்டுவந்தா, வைன் கறை போச்சுதோ இல்லையோ, கொதிகலன் சத்தம் போடுதோ. அவர் கேட்கக் கேட்க அவள் சொன்னாள். சொல்லச் சொல்லப் பொய்க்குக் கை முளைத்தது, கால் முளைத்தது.

அன்றும், ஆஸ்பத்திரியிலிருந்து அவரை மாற்றியிருந்த முதியோர் இல்லத்து அறையில், யன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தபடி அவர் கோணிய வாயால் கேட்டார். “கடை பூட்டிப்போட்டோ வாறாய்?”

“ஓம். நாளைக்கும் நிறைய உடுப்புக் கிடக்கு.”

அவர் முகம் தெளிந்தது. போர்வையை இழுத்துவிடக் குனிந்தவள் அவருடைய வலது கையைக் கண்டாள். விழுந்த நாளிலிருந்து உணர்ச்சியில்லாமல் முட்டிபிடித்து இறுகிப்போயிருந்த கை. பயிற்சி கொடுக்க வருகிற பெண்ணாலும் அதைத் திறக்க முடியவில்லை. இப்போது சின்னவிரல் மட்டும் நேராக நீட்டிக்கொண்டிருந்தது. 

“இஞ்சருங்கோ, விரல் நிமிர்ந்திருக்கு.”

“நீதானே காலமை நிமித்தினாய்.”

“நான் காலமை வரேல்லையே.”

“வந்தனீ. கடைக்குப் போக முதல்.” அவர் கண்ணை மூடிக்கொண்டார். “உன்ரை கை நல்ல சூடு.”

அவள் அந்த விரலைத் தொட்டாள். எலும்பு தட்டுப்படவில்லை. இரண்டு பக்கமும் விளிம்பு கட்டி, கஞ்சி போட்ட சட்டைக் கொலர்போல விறைப்பாக இருந்தது. குனிந்து மணந்து பார்த்தாள். ஈரப் பருத்தி சுடும்போது வருகிற அந்த மணம்.

நர்ஸிடம் சொன்னபோது, நல்ல முன்னேற்றம் என்று சிரித்தாள்.

அடுத்த நாள் மத்தியானம் பேக்கரி வாசலில் மதாம் பெர்ரே அவளுடைய முழங்கையைப் பிடித்தாள். எண்பது தாண்டிய விதவை, கடை திறந்த நாளிலிருந்து வாடிக்கை. தன் பச்சைக் கம்பளிக் கோட்டைத் தடவிக் காட்டி, நேற்று இவ்வளவு வடிவாக அழுத்திக் கொடுத்ததற்கு நன்றி என்றாள்.

எங்கே கொடுத்தது என்று சந்திரமதி கேட்டாள்.

கடையில்தான், வேறெங்கே என்றாள் கிழவி. பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டதால் பூட்டிவிட்டீர்களோ என்று பயந்துபோனேன். ஆனால் மதாம், நீங்கள் கொஞ்சம் ஓய்வெடுக்க வேண்டும். நேற்று ஒரு வார்த்தையும் பேசவில்லை. மிச்சக் காசைத் தரும்போது உங்கள் கை என் கையைச் சுட்டுவிட்டது.

கிழவி தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். நடுவில் ஒரு சிவந்த தடம். கோட்டின் உட்புறத்தில் கடையின் இளஞ்சிவப்பு அடையாளத் துண்டு குத்தியபடியே இருந்தது. அதில் ‘பெர்ரே’ என்று எழுதியிருந்தது, சந்திரமதியின் கையெழுத்தில்.

அன்று பின்னேரம் அவள் இல்லத்துக்குப் போகவில்லை. வீட்டில் எல்லா விளக்கையும் போட்டுவிட்டுச் சூக் நகரில் வேலை செய்கிற மகள் ஹரிஷாவுக்கு ஃபோன் எடுத்தாள். நடந்ததைக் கோர்வையாகச் சொல்ல வரவில்லை. கிழவிக்கு மறதி, அப்பாவுக்குக் குழப்பம் என்று மகள் ஒவ்வொன்றாகப் பிரித்துவைத்தாள்.

“அம்மா, நீங்கள் நித்திரை கொள்ளுறதில்லை. அப்பாட்டை உண்மையைச் சொல்லிப்போடுங்கோ. அதுதான் உங்களைப் போட்டுப் படுத்துது.”

“அவருக்கு ஏதும் நடந்தா?”

“டொக்டரோடை கதைச்சிட்டன். இப்ப சொல்லலாமாம்.” கொஞ்சம் தயங்கி, “நேற்று ஏன் எனக்கு ஃபோன் எடுத்துப்போட்டு ஒண்டும் கதைக்கேல்லை?” என்றாள்.

“நான் எடுக்கேல்லையே பிள்ளை.”

“கடை நம்பரிலையிருந்து வந்தது. சீறுற சத்தம் மட்டும் கேட்டுது. நான் அம்மா, அம்மா எண்டு கூப்பிட்டுப்போட்டு வைச்சிட்டன்.”

கடை நம்பரின் இணைப்பை வெட்டி ஒரு மாதம்.

மறுநாள், வியாழக்கிழமை முழுக்க அவள் சொல்லவேண்டியதை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். ஐந்து மணிக்கு இல்லத்துக்குப் புறப்பட்டபோது இருண்டிருந்தது. மூடுபனி அவ்வளவு இறுக்கமாக இருந்ததால் தன் சப்பாத்துச் சத்தமே யாரோ பின்னால் வருவதுபோலக் கேட்டது. சுற்றுப்பாதை வேறு இருந்தும், ஒருமுறை பார்த்துத் தெளிந்துவிட்டால் போதும் என்ற பிடிவாதத்தில் கடைத் தெருவாலேயே போனாள். தூரத்திலேயே மணத்தது. கஞ்சி, சூடேறிய கம்பளி, நெளிவு சுளிவெல்லாம் எரிந்து ஆறுகிற துணியின் அந்தத் தித்திப்பு. இருபத்துமூன்று வருடம் அவளுடைய தலைமயிரிலிருந்து போகாத மணம்.

உள்ளே விளக்கில்லை. கண்ணாடியில் கண்ணை வைத்துப் பார்த்தாள். வெறும் சுவர். ஆணித் துளைகள். ஒரு மூலையில் பெயின்ட் வாளி. ஹீட்டர் எதுவும் இல்லை. 

பிறகு சத்தம் கேட்டது. நீராவி மேசையின் மூடி இறங்குகிற சத்தம். சீறல். மூடி எழும்புகிற சத்தம்.

மேசை இல்லை. சத்தம் இருந்தது. இறங்கியது. சீறியது. எழும்பியது. யாரோ ஓய்வில்லாமல், அலுப்பில்லாமல், விருப்பத்தோடு வேலை செய்கிற தாளம். அவளுக்கு ஒருநாளும் வராத தாளம்.

சட்டென்று நின்றது. வேலை முடிந்து புறப்படுகிறவர்கள் செய்வதுபோல, உள்ளே யாரோ நீளமாக மூச்சுவிட்டார்கள். பின்கதவு திறந்து மூடியது.

அந்தப் பின்கதவால் இறங்குகிற ஒழுங்கை, அந்த ஒடுக்கமான சந்து, இல்லத்துக்குத்தான் போகிறது.

அவள் ஓடினாள். அறுபது வயதில், நாரி நோவோடு, ஈரக் கற்களில். வாய்க்குள் பனி போனது. முன்னால் மூடுபனிக்குள் காலடி கேட்டது. தன்னுடைய நடை. இடதுகாலை மெல்ல இழுத்து வைக்கிற அதே நடை. எட்டிப் பிடிக்க முடியவில்லை.

வரவேற்பில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். இப்போதுதானே மேலே போனீர்கள் மதாம் மதி என்றாள்.

படிக்கட்டின் கைப்பிடி சூடாக இருந்தது. நடைவழியின் யன்னல்கள் எல்லாம் வியர்த்திருந்தன. அவருடைய அறைக் கதவு பாதி திறந்திருந்தது. மெல்லிய சீறல். இடைவெளி. மறுபடி சீறல்.

உள்ளே போகுமுன்பே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். சொன்னால் முடிந்துவிடும். பொய்தானே அது. பொய்க்குச் சோறு போட்டவள் நான்தானே.

“இஞ்சருங்கோ,” என்றாள் வாசலில் நின்றபடி. “கடை இல்லை. வித்துப்போட்டன். நீங்கள் நினைவில்லாமல் கிடக்கேக்கை வித்துப்போட்டன். எனக்குச் சந்தோசமா இருந்தது. அதுதான் உண்மை. என்னை மன்னியுங்கோ.”

சீறல் நின்றது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். வாய் கோணவில்லை. கன்னத்தில், நெற்றியில், கழுத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. முகம் புதுத் துணிபோல மினுங்கியது. கடைக்குள் வருகிற புதிய ஆளைப் பார்க்கிற மரியாதையோடு அவளைப் பார்த்தார்.

“ஆர் நீங்கள்?” குழறாமல், தெளிவாகக் கேட்டார். “என்ரை மனிசி இஞ்ச நிக்கிறா.”

கட்டிலோரம் ஒருத்தி முதுகைக் காட்டியபடி குனிந்து நின்றாள். கடையில் சந்திரமதி போடுகிற அதே நீல மேலங்கி. வியர்வையில் ஒட்டிய பிடரி மயிர். தோளிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. சந்திரமதிக்குத் தெரிந்த முதுகு அது. கண்ணாடியில் மட்டும் பார்த்த முதுகு.

அங்கே நின்றவள் திரும்பவில்லை. வேலை இருந்தது.

அவருடைய வலது கை கட்டில் மேசையில் விரித்துக் கிடந்தது. ஐந்து விரலும் நேராக. முட்டிகள் இல்லை. நகங்கள் இல்லை. உள்ளங்கையில் ஒரு ரேகைகூட இல்லை. மேசை விளிம்பில் அது சட்டைக் கைபோல மெல்லியதாக மடிந்து தொங்கியது. குனிந்து நின்றவள் இஸ்திரிப் பெட்டியை இன்னொருதரம் அதன்மேல் இழுத்தாள், மணிக்கட்டுவரை, ஓரம் பிசகாமல். பிறகு அதை இரண்டாக மடித்து அவருடைய மார்பில் வைத்தாள்.

அவர் சிரித்தார். திருப்தியான சிரிப்பு.

பிறகு, சட்டைக் கையை முழங்கைவரை தானே பல்லால் இழுத்து ஏற்றிக்கொண்டு, உணர்ச்சியுள்ள மற்றக் கையைக் கட்டிலோரம் நின்றவளிடம் நீட்டினார்.